கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகத்துவாரத்தில் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவரும் சரி, வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் ட்ரெய்லரில் படகை நிறுத்தி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போடப் போகிறவரும் சரி, கேட்பது அநேகமாக இதே கேள்விகள்தான். கடல்நீரை உறிஞ்சிக் குளிரும் எஞ்சின்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. படகின் அடியில் பொருத்திய குழாய்க்குள்ளேயே சுற்றிக் குளிரும் எஞ்சின் உங்களிடம் இருந்தால், இதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

கழுவாமல் விட்டால் உண்மையில் என்ன ஆகும்?

படகின் பின்பக்கம் வெளியே பூட்டும் அவுட்போட் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் காலின் அடிப்பகுதியில் இருக்கும் பம்ப் கடல்நீரை உறிஞ்சி மேலே அனுப்ப, அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடிவிட்டு வெளியே கொட்டிவிடும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரிய பிரச்சினை இல்லை, வந்த உப்பு வந்த வழியே போய்விடும். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் வில்லங்கம். மூலை முடுக்குகளில் தேங்கி நிற்கும் தண்ணீர் எஞ்சின் சூட்டிலேயே வற்றி உப்பை அங்கேயே விட்டுவிடும். அடுத்த முறை அதன்மேல் இன்னொரு படை.

காய்ந்த உப்பு சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். கொழும்பில் வருடத்தில் எத்தனை நாள் 75 வீதத்துக்குக் கீழே இருக்கிறது? அதனால் இங்கே கழுவாமல் நிறுத்திய எஞ்சினுக்குள் உப்பு முழுசாகக் காய்வதே இல்லை, நீங்கள் நித்திரை கொள்ளும் நேரமும் அலுமினியத்தை அரித்துக்கொண்டுதான் இருக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தில் ஏறியிருக்கும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகம். போல்ட் தலை கையோடு கழன்று வந்து, மீதி உள்ளேயே இறுகிப்போவது அதனால்தான்.

அது உப்பா, கல்லா? கழுவினால் எல்லாம் போய்விடுமா?

இரண்டும் இருக்கும். உப்பு நல்ல தண்ணீரில் கரையும், தாராளமாகக் கரையும். ஆனால் கடல்நீரில் கல்சியமும் இருக்கிறது, அது சூடேறும்போது சுவரில் படிந்து கல்லாகிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதே சாமான்தான். கார் எஞ்சின்கள் 80, 90 பாகையில் ஓடும்போது கடல்நீரில் குளிரும் எஞ்சின்களுக்கு 50, 60 பாகையில் தானாகத் திறந்து தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் போடுவதற்கு இந்தப் படிவும் ஒரு காரணம்.

ஆக, நல்ல தண்ணீர் உப்பை எடுக்கும், கல்லை எடுக்காது. ஏற்கெனவே கல் அடைத்த எஞ்சினை ஒரு மணித்தியாலம் கழுவினாலும் அது திருந்தாது. கழுவுவது வருமுன் காக்கிற வேலை, வைத்தியம் இல்லை.

நாளைக் காலையும் கடலுக்குத்தான் போகிறேன். இன்றைக்கும் கழுவ வேண்டுமா?

தினமும் தொழிலுக்குப் போகிறவரிடம் தினமும் கழுவு என்று சொன்னால் சிரிப்பார், சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. மறுநாள் விடியமுன் ஓடப்போகும் எஞ்சினுக்குள் உப்பு காய்வதற்கு அவகாசம் குறைவு. ஆனால் கடல் கொந்தளிப்பு, பெருநாள், வலை பழுது, எந்தக் காரணத்துக்காகவும் ஓரிரு நாள் எஞ்சின் சும்மா இருக்கும் என்று தெரிந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

ஞாயிறு மட்டும் போகிறவருக்கு விதிவிலக்கே கிடையாது. ஒவ்வொரு முறையும், அன்றைக்கே, முடிந்தால் எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதே. ஆறு நாள் உப்போடு நிற்கும் எஞ்சின்தான் தினமும் ஓடும் எஞ்சினை விடச் சீக்கிரம் போகும். கொழும்பில் அதிகம் பழுதாகி வருவதும் அவைதான்.

பொல்கொடையில் மட்டும்தான் ஓடுகிறேன், அதுவும் உப்பா?

பொல்கொடை ஏரி பாணந்துறைப் பக்கம் கடலோடு சேர்கிறது. எந்த இடம், எந்த மாதம் என்பதைப் பொறுத்து நல்ல தண்ணீராகவும் இருக்கும், சவராகவும் இருக்கும். சந்தேகம் இருந்தால் கழுவுங்கள், பத்து நிமிட வேலை. உப்பு இல்லாவிட்டாலும் சேறும் பாசியும் இருக்கும்.

கடலிலிருந்து வரும்போது களனி கங்கைக்குள் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டால் கழுவினது மாதிரி ஆகாதா?

மட்டக்குளிப் பக்கம் இந்த யோசனையைக் கேட்காத ஆள் இல்லை. சில மாதங்களில் சரிவரும், சில மாதங்களில் வராது. கடல்நீர் பாரம் கூடியது. கழிமுகத்தில் அது ஆற்று நீருக்கு அடியால் ஆப்பு மாதிரி உள்ளே புகுந்து நிற்கும். மேலே அள்ளி வாயில் வைத்துப் பார்த்தால் நல்ல தண்ணீர், எஞ்சினின் கால் உறிஞ்சும் ஆழத்தில் உப்பு. வரட்சிக் காலத்தில் ஆறு மெலிந்தால் இந்த உப்பு வெகுதூரம் மேலே ஏறும். அம்பத்தலையில் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தைக் காப்பாற்ற ஆற்றுக்குக் குறுக்கே உப்புத் தடுப்பு போட வேண்டி வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்து ஆறு பெருகினால் தண்ணீர் நல்லதுதான், ஆனால் அது சேறும் சொப்பிங் பையும் மிதக்கும் தண்ணீர். பம்புக்கு மண் எமன். ஒன்றுமே செய்யாமல் விடுவதற்கு ஆற்று ஓட்டம் பரவாயில்லை, ஆனால் கரையில் குழாய் இருக்கும்போது இது எதற்கு?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, அது அரிக்காதா? கிணற்றுத் தண்ணீர் நல்லதா?

குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கப் போடும் குளோரின் மிகச் சொற்பம். எஞ்சினை அரிப்பது உப்பில் இருக்கும் குளோரைட். கடல்நீரில் அது லீற்றருக்குச் சுமார் 19 கிராம், அதாவது 19,000 மில்லிகிராம். தண்ணீரில் 250 மில்லிகிராம் அளவுக்கு வந்தாலே நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும். எனவே நாக்கை நம்பலாம். உப்புக் கரிக்காத தண்ணீர் எஞ்சினுக்குப் போதும்.

கொழும்பு நகரத்துக் குழாய்த் தண்ணீர் அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. எஞ்சின் கழுவ அதைவிட வேறென்ன வேண்டும். கடற்கரையோரக் கிணறுகளில்தான் கவனம் வேண்டும், முக்கியமாக வெயில் மாதங்களில் சவர் ஏறியிருக்கும். வேறு வழியில்லை என்றால் கிணற்றுத் தண்ணீரில் நன்றாக ஓடவிட்டு, கடைசி இரண்டு வாளி மட்டும் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள்.

மஃப் வைத்துக் கழுவும் முறையைச் சொல்லுங்கள்.

மஃப் என்பது இரண்டு றப்பர் கிண்ணம் பொருத்திய கவ்வி. எஞ்சின் காலின் இரண்டு பக்கமும் தண்ணீர் உறிஞ்சும் சின்னச் சின்னக் கீற்றுகள் இருக்கும். அவற்றின்மேல் கிண்ணம் சரியாக உட்கார வேண்டும். சில சிறிய எஞ்சின்களில் உறிஞ்சும் துளைகள் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தகட்டுக்கு அடியிலோ வேறு இடத்திலோ இருக்கும். அவற்றுக்கு மஃப் பொருந்தாது, கீழே சொல்லும் பரல் முறைக்குப் போங்கள்.

எஞ்சினை நேராக இறக்குங்கள். ஹோஸைப் பூட்டி முதலில் தண்ணீரைத் திறங்கள். கிண்ணங்களின் ஓரத்தால் தண்ணீர் சிந்த வேண்டும், அதுதான் போதுமான தண்ணீர் வருகிறது என்பதற்கு அடையாளம். அதன் பிறகே ஸ்டார்ட். கியர் நியூட்ரலில், வேகம் ஐட்லில். முறுக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், விட்டுவிடுங்கள். சுமை இல்லாத எஞ்சின் கண்மண் தெரியாமல் சுற்றும், பம்ப் கேட்கும் தண்ணீரை உங்கள் ஹோஸால் கொடுக்கவும் முடியாது. கிண்ணம் உள்ளே சப்பையாக இழுபட்டால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். பின்னேரம் குழாயில் அழுத்தம் இல்லாத இடங்களில், அதுவும் உயரம் குறைந்த நீர்த்தாங்கியிலிருந்து ஹோஸ் இழுக்கிறவர்களுக்கு, இது அடிக்கடி நடக்கும். பத்து மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். மூன்று மீற்றர் உயரத்துத் தாங்கி தருவது அதில் மூன்றிலொரு பங்கு கூட இல்லை.

முடிக்கும்போது முதலில் எஞ்சினை நிறுத்தி, அப்புறம் தண்ணீரை மூடுங்கள். பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் றப்பர், அதற்குத் தண்ணீர்தான் கிறீஸ். தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே சுட்டுப்போகும். பின்பக்கம் பிள்ளைகள் நிற்க வேண்டாம், முடிந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்.

என் எஞ்சினில் ஹோஸ் நேரடியாகப் பூட்ட ஒரு வாய் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட வேண்டுமா?

யமஹா ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அந்த வாயால் கழுவும்போது எஞ்சினை ஓட்டக்கூடாது என்று கைநூலிலேயே இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும் வழி அது. கால் அடியில் இருக்கும் பம்புக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேராது. வேறு கம்பனிகளின் சில மொடல்களில் ஐட்லில் ஓட்டலாம். உங்கள் கைநூலைப் பாருங்கள், தெரியாவிட்டால் ஓட்டாமலே கழுவுங்கள், நட்டம் ஒன்றுமில்லை.

இதில் ஒரு வசதி, படகு தண்ணீரில் நிற்கும்போதே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கழுவலாம், அக்கம்பக்கத்துக்குச் சத்தமும் இல்லை. ஒரு குறை, எஞ்சின் ஆறிவிட்டால் தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும், தண்ணீர் எல்லா இடத்துக்கும் தாராளமாகப் போகாது. கரை சேர்ந்தவுடன், சூடு ஆறமுன் பூட்டுங்கள். கழுவி முடித்து அந்த மூடியை இறுக்க மறந்தால் அடுத்த பயணத்தில் குளிரும் தண்ணீர் அதனால் வெளியே போய் எஞ்சின் சூடேறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரலில் விட்டுக் கழுவலாமா?

தாராளமாக. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான். 200 லீற்றர் பரலின் மேற்பகுதியை வெட்டி, விளிம்பை அடித்து மழுக்கி, எஞ்சினை மரச்சட்டத்தில் தொங்கவிட்டு ஓட்டுவது. புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்குமே, அதற்கு மேலே தண்ணீர் நிற்க வேண்டும். எஞ்சினைத் தட்டியதும், அதாவது ஸ்டார்ட் செய்ததும், மட்டம் இறங்கும், ஹோஸைப் பரலுக்குள் போட்டு நிரப்பிக்கொண்டே இருங்கள்.

ஆட்கள் கோட்டை விடுவது தண்ணீரை மாற்றாததில். எஞ்சினிலிருந்து கழன்ற உப்பும், புகையோடு வரும் எண்ணெயும் அதே பரலில்தான் சேர்கின்றன. மேலே வானவில் படலம் மிதக்கும், கை வைத்தால் வெதுவெதுப்பு. அந்தத் தண்ணீரையே அடுத்த கிழமையும் பாவித்தால் நீங்கள் எஞ்சினைக் கழுவவில்லை, ஊறப்போடுகிறீர்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், கியர் தவறி விழுந்தால் பரல் பந்தாடப்படும். அந்த எண்ணெய்த் தண்ணீரைக் கடற்கரையில் கவிழ்க்காதீர்கள், மேலே மிதக்கும் எண்ணெயைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மற்றதை ஊற்றுங்கள்.

உள்ளே பூட்டிய டீசல் எஞ்சினுக்கும் இதே முறையா? ஒருவர் தண்ணீரை முதலில் திற என்கிறார், இன்னொருவர் எஞ்சினை முதலில் தட்டு என்கிறார்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு எஞ்சினைப் பற்றி.

உள்ளே பூட்டிய எஞ்சினில் கடல்நீர் வால்வு வழியாக வந்து, வடிகட்டி, பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் கடந்து, கடைசியில் புகைக்குழாயின் முழங்கையில் புகையோடு கலந்து சைலன்சருக்குள் விழுகிறது. எஞ்சின் ஓடினால் புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எஞ்சின் ஓடாமல் ஹோஸை மட்டும் திறந்தால்? தண்ணீர் சைலன்சரில் நிரம்பும், முழங்கைக்கு ஏறும், எக்ஸோஸ்ட் வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த ஸ்டார்ட்டில் பிஸ்டன் அதில் போய் முட்ட, கனெக்டிங் ரொட் வளையும். நல்ல எஞ்சின், நல்ல தண்ணீர், கழுவும் நல்ல பழக்கம், எல்லாம் சேர்ந்து எஞ்சினைக் கொன்றுவிடும்.

ஆகவே அழுத்தத்தோடு ஹோஸைப் பூட்டுகிறீர்கள் என்றால் எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு. நிறுத்தும்போது தண்ணீர் முதலில், உடனே எஞ்சின். ஜெட் ஸ்கிக்கும் இதே ஒழுங்கு. மஃப் வைத்த அவுட்போட்டுக்கு நேர் எதிர். ஏன் என்றால், மஃபில் மிஞ்சும் தண்ணீர் ஓரத்தால் சிந்திவிடும். ஓடாத அவுட்போட்டின் வாயில் ஹோஸைப் பூட்டினாலும் தண்ணீர் கால் வழியாகக் கீழே கொட்டிவிடும். மிஞ்சுகிற தண்ணீர் வெளியே போக வழி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வழி இருந்தால் தண்ணீர் முதலில், இல்லாவிட்டால் எஞ்சின் முதலில்.

எனக்குப் பிடித்த முறை இந்தத் தலையிடியே இல்லாதது: வாளி. கடல் வால்வை மூடுங்கள், பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி நல்ல தண்ணீர் வாளிக்குள் விடுங்கள், எஞ்சினைத் தட்டுங்கள். தனக்கு வேண்டியதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஒருவர் ஹோஸால் வாளியை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும், வாளி வற்றமுன் எஞ்சினை நிறுத்த வேண்டும். வடிகட்டியின் மூடியைத் திறந்து அதற்குள்ளேயே தண்ணீர் ஊற்றினாலும் சரி.

முடிந்ததும் சாவியைக் கடல் வால்வின் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். மூடிய வால்வோடு எஞ்சினைத் தட்டி இம்பெல்லரைச் சுடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. சாவி அங்கே தொங்கினால் வால்வைத் தொடாமல் எடுக்க முடியாது.

எத்தனை நிமிடம்?

ஓடவிட்டுக் கழுவினால் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். கணக்கை விட முக்கியம் தெர்மோஸ்டாட் திறப்பது, அதுவரை தண்ணீர் சுற்றுவழியில்தான் போகும். எஞ்சினின் பின்னால் சின்னத் துளையால் பீச்சும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

பின்னால் பீச்சும் சின்னத் துளையில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வது?

நிறுத்துங்கள், முதலில் நிறுத்துங்கள்.

அப்புறம் துளைக்குள் ஒரு துண்டுத் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) விட்டுப் பாருங்கள். தடித்த தங்கூசி கம்பியை விட நல்லது, உள்ளே றப்பர் குழாயைக் கிழிக்காது. உப்பும் மணலும் சேர்ந்து அடைத்திருக்கும். நாள்கணக்கில் சும்மா நின்ற எஞ்சின் என்றால் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும். நம்பமாட்டீர்கள், இம்பெல்லர் மாற்ற வேண்டும் என்று கழற்றிக் கொண்டுவந்த எஞ்சினில் பிரச்சினை ஒரு விரல்நுனி அளவு குளவி மண்ணாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அடைப்பு இல்லாமலும் தண்ணீர் வரவில்லை என்றால் மஃப் சரிந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லை என்றால் இம்பெல்லர்தான்.

மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். துளையில் தண்ணீர் வருவதால் எல்லாம் சரி என்று ஆகாது. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. தெர்மோஸ்டாட் உப்பில் இறுகி மூடியே கிடந்தாலும் பல எஞ்சின்களில் அந்தத் துளை உற்சாகமாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் சிலிண்டர் தலையின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது.

உப்புக் கரைக்கும் திரவம் விற்கிறார்களே, தேவையா? வினாகிரி, தேசிக்காய்?

ஒழுங்காகக் கழுவுகிறவருக்கு நல்ல தண்ணீரே போதும் என்பது என் கருத்து. அந்தத் திரவங்கள் கெடுதல் இல்லை, காசு இருந்தால் பாவியுங்கள்.

வினாகிரி வேறு கதை. அது உப்புக்கு அல்ல, கல்சியக் கல்லுக்கு. அமிலம் கல்லைக் கரைக்கும், நேரம் நீண்டால் அலுமினியத்தையும் தொடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு கோப்பை வினாகிரியில் போட்டால் பொங்கிப் பொங்கிச் சுத்தமாகிவிடும், அதற்கு நல்ல சாமான். முழு எஞ்சினுக்குள் விடுவதென்றால் தண்ணீர் கலந்து, அளவான நேரம் விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் நல்லது. தேசிக்காயைச் சாப்பாட்டுக்கு வையுங்கள்.

கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அலுமினியத்தோடு சேர்ந்து நுரைத்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை விடும். கல்லோடு சேர்த்து எஞ்சினையும் தின்னும்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஏதாவது விசேஷமா?

ஒன்று. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தட்டி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், நிறுத்தமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். கழுவுவதைப் பெற்றோலில் செய்யுங்கள். உள்ளே இருக்கும் உப்புக் கழுவுப்பட்டுப் போகும் அதே பத்து நிமிடத்தில் காபரேட்டரிலும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெற்றோல் வந்துவிடும்.

வீட்டுத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வைத்துக் கழுவலாமா?

கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும். வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும். பக்கத்து வீட்டு அன்ரி இரவு ஒன்பது மணிக்குச் சத்தம் போட்டால் அவர் பக்கமே நியாயம்.

இம்பெல்லரை எப்போது மாற்றுவது?

ஞாயிற்றுக்கிழமைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். தெஹிவளை, கல்கிசை மணலில் தள்ளி இறக்கி ஏற்றுகிறவர்கள் இன்னும் முன்னதாக. அலை உடையும் இடத்தில் பம்ப் தண்ணீரோடு மணலையும் குடிக்கும். கழற்றினால் மூன்றைப் பாருங்கள்: இதழ்கள் ஒரு பக்கம் வளைந்தபடியே நிற்கின்றனவா, அடிவாரத்தில் வெடிப்பு இருக்கிறதா, நுனி மினுங்கித் தேய்ந்திருக்கிறதா. இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுக்காமல் புதியதைப் பூட்டாதீர்கள், அது மேலே போய் எங்காவது அடைத்துக்கொண்டு இருக்கும். பஞ்சிகாவத்தையில் தேடினால் மலிவான இம்பெல்லரும் கிடைக்கும், ஆனால் இந்த ஒரு சாமானில் மலிவு பார்க்காதீர்கள்.

கழுவினால் சிங்க் கட்டி தேவையில்லையா?

தேவை. கழுவுவது உள்ளே காப்பது, எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் சிங்க் கட்டி கடலில் நிற்கும்போது வெளியே காப்பது. பாதி கரைந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. சவர் தண்ணீரில் நிற்கும் படகுக்கு அலுமினியக் கட்டி பொருத்தம், முழுக்க நல்ல தண்ணீரில் என்றால் மக்னீசியம். பல எஞ்சின்களுக்கு உள்ளேயும் சின்னக் கட்டிகள் உண்டு, அவற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கினால் மாதக்கணக்கில் படகு கரையில்தான். அதற்கு முன் என்ன செய்வது?

மே மாதத்துக்கு முன் ஒரு நல்ல நீளமான கழுவல், வழமையை விட இரண்டு மடங்கு நேரம். முடிந்ததும் எஞ்சினைச் செங்குத்தாக நிற்கவிட்டுத் தண்ணீரை முழுசாக வடியவிடுங்கள், சரித்து வைத்தால் உள்ளே தேங்கும். பெற்றோல் குழாயைக் கழற்றி எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் காபரேட்டர் காலியாகும். அப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மறக்காதீர்கள். கியர் எண்ணெயை இறக்கிப் பாருங்கள், பால் நிறத்தில் வந்தால் சீலால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேல்மூடியைத் திறந்து உள்ளே ஹோஸ் அடிக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து மசகு எண்ணெய் ஸ்பிரே அடியுங்கள். பீச்சும் துளையை ஒரு துண்டு டேப்பால் மூடுங்கள், குளவிக்காக. செப்டெம்பரில் அந்த டேப்பை உரிக்க வேண்டும், எஞ்சின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழைய எஞ்சின் வாங்கப் போகிறேன். முன்னாள் சொந்தக்காரர் கழுவினாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவரைக் கேட்டால் கழுவினேன் என்றுதான் சொல்வார். வெளி பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள், ஒரு ஸ்பிரே டின்னில் எல்லாம் பளபளக்கும். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், சில போல்ட்தான். கழுவிய எஞ்சினில் உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரியும், ஸ்பிரிங் அமுக்கினால் அசையும். கழுவாததில் வெள்ளையும் பச்சையும் கலந்த பொருக்கு, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும், தெர்மோஸ்டாட் அச்சில் வார்த்த மாதிரி இறுகி நிற்கும். மூடி உட்காரும் விளிம்பில் அலுமினியம் குழி விழுந்திருந்தால் புதிய கேஸ்கட் போட்டாலும் ஒழுகும்.

போல்ட்டைக் கழற்ற அவர் விடவில்லை, அல்லது கழற்றும்போது முறிந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறு எஞ்சின் பாருங்கள்.